ஆறு ஈ.கோலைகளுக்கு எண் கண்ட எட்டு மாதங்கள்

2023 அக்டோபர் கடைசி வாரத்தில், ஐந்தாம் கிருமியின் ஜைர்-பி என்னும் மரபணுவின் டி.என்.ஏ. எழுத்து வரிசை இரண்டாம் முறையாகப் பிரிட்டோரியாவிலிருந்து வந்து சேர்ந்தபோது, அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கிய வேலை ஒருவாறு முடிவுக்கு வந்தது. நோயுற்ற பண்ணைக் கோழிகளிலிருந்து எடுத்த ஆறு ஈ.கோலைக் கிருமிகளில் ஐந்துக்கு அவற்றின் வகையைக் குறிக்கும் எண் கிடைத்தது, ஒன்றைக் கைவிட்டேன். எந்தக் கேள்விக்காக இதைத் தொடங்கினேனோ அதற்குப் பாதி விடைதான் கிடைத்தது என்றாலும், வழியில் செய்த தவறுகள் இதே வேலையைச் சிறிய ஆய்வகத்தில் செய்ய நினைப்பவருக்குப் பயன்படும் என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் நாமக்கல்காரன், கோழிப்பண்ணை வாடை எனக்குப் புதிதன்று. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மாணவர்களுக்கான ஓர் உயிரியல் ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளனாக இருக்கிறேன். கேம்பர்டவுன் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவரைக் கோயிலில் பழக்கம். அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டக் கூலியாக நேட்டாலுக்கு வந்தவர். இங்கே பிறந்தவர்களில் இவர் வயதில் தமிழ் சரளமாகப் பேசுபவர்கள் அரிது, இவர் பேசுவார். 1,500 கறிக்கோழி கொள்ளும் கொட்டகைகள் இரண்டு, அவற்றுக்கு அப்பால் ஆடி மாதத்துக் கெங்கையம்மன் கூழுக்கென்று தனியே மேயவிடும் நாட்டுக்கோழிகள் கொஞ்சம். அந்தக் கோழியை இங்கே எல்லாரும் ‘ரன்னிங் ஃபவுல்’ என்பார்கள். பிப்ரவரியில் விட்ட பேட்சில் நான்காம் வாரத்தில் சாவு தொடங்கி, விற்பனைக்குள் 96 கோழிகள் போயின. பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்த கால்நடை மருத்துவர், அறுத்துப் பார்த்து, கல்லீரலின் மீதும் இதய உறையின் மீதும் மஞ்சள் கலந்த வெள்ளை ஏடு படர்ந்திருப்பதைக் காட்டி, ஈ.கோலைத் தொற்று என்றார். முந்தைய ஆண்டும் இதே போல் ஒரு பேட்ச் அடிபட்டிருந்தது.

“தம்பி, பழைய பேய்தான் திரும்பி வருதா, ஒவ்வொரு தடவையும் புதுப் பேயா?” என்று பெரியவர் கேட்டார். அது வீண் கேள்வியன்று. பழையதே திரும்பி வருகிறதென்றால் கொட்டகையையும் தண்ணீர்க் குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டும். புதிது புதிதாக வருகிறதென்றால் குஞ்சு பொரிப்பகத்தோடு பேச வேண்டும். கிருமிக்கு எண் கொடுத்து ஒப்பிடலாம் என்று நான் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் 2017-18இல் இந்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற லிஸ்டீரியா பரவலில், நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை எஸ்.டி.6 என்னும் ஒரே வகையாக இருந்ததை வைத்துத்தான் போலனி என்னும் பதப்படுத்திய இறைச்சி வரை துப்புத் துலக்கினார்கள் என்பது இங்குள்ள எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி.

எடுத்துக்கொண்ட முறை எம்.எல்.எஸ்.டி. எனப்படும் பல்லிட வரிசை வகைப்பாடு. 1998இல் மூளைக்காய்ச்சல் கிருமிக்காக முதலில் வந்தது, ஈ.கோலைக்கு மார்க் அக்ட்மன் குழுவினர் வகுத்த ஏழு மரபணுத் திட்டம் 2006இல் வெளியானது. ஏடிகே, ஃபம்-சி, ஜைர்-பி, ஐசிடி, எம்டிஹெச், பியூர்-ஏ, ரெக்-ஏ ஆகிய ஏழிலும் ஒரு குறிப்பிட்ட துண்டைப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தரவுத்தளத்தில் உள்ள அல்லீல் (ஒரே மரபணுவின் மாறுபட்ட வடிவம்) எண்ணைக் கண்டு, அந்த ஏழு எண்களின் கோவைக்கு உரிய எஸ்.டி. (வரிசை வகை) எண்ணைப் பெறுவதே வேலை. பாஸ்தர் நிறுவனத்தின் எட்டு மரபணுத் திட்டம் ஒன்றும் உண்டு. இரண்டின் எண்களும் ஒன்றோடொன்று பொருந்தா. பழைய கட்டுரைகளில் ‘எஸ்.டி.’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்தத் திட்டம் என்று பார்த்துவிட்டே மேலே படிக்க வேண்டும்.

முதல் தவறு ஆய்வகத்துக்கு வெளியிலேயே நிகழ்ந்தது. மார்ச்சில், இரவில் செத்த கோழிகளைப் பெரியவர் காலையில் பனிக்கட்டிப் பையில் போட்டு அனுப்பினார். அவற்றின் கல்லீரல் மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து முதல் கிருமியையும், வேறொரு கோழியின் இதயத்து இரத்தத்திலிருந்து இரண்டாவதையும் எடுத்தேன். ஈ.கோலை நலமான கோழியின் குடலிலும் ஏராளமாக இருக்கும். கோழி செத்த சில மணி நேரத்தில் குடற்சுவரைக் கடந்து உறுப்புகளின் மேலெல்லாம் பரவிவிடும். ஆகவே ஓரிரவு கிடந்த கோழியின் கல்லீரலைத் துடைத்தால் கொன்ற கிருமி வருமா, குடிவந்த கிருமி வருமா என்று சொல்ல முடியாது. மே மாதம் அடுத்த பேட்சிலும் சாவு தொடங்கியபோது, மருத்துவரையே அழைத்து, நோயுற்ற கோழிகளைப் பண்ணையில் முறைப்படி கொன்று, தொடையெலும்பின் மேல்புறத்தைச் சாராயத்தால் துடைத்துச் சுட்டு, உடைத்து, மஜ்ஜையிலிருந்து மூன்று, நான்கு, ஐந்து ஆகிய கிருமிகளை எடுத்தோம். ஆறாவது மட்டும் இதய உறைச் சீழிலிருந்து எடுத்தது. மஜ்ஜையில் எடுத்த மூன்றும் முதல் வளர்ப்புத் தட்டிலேயே ஒரே மாதிரியான காலனிகளாக (கிருமித் திட்டுகளாக) வளர்ந்தன. சீழில் எடுத்தது ஒரு காடு.

மெக்காங்கி அகார் என்னும் வளர்ப்பூடகத்தில் 37 டிகிரியில் ஓரிரவு வைத்தால் ஈ.கோலை அடர் இளஞ்சிவப்பாக வரும். இ.எம்.பி. அகாரில் பச்சை உலோகப் பளபளப்பு, இண்டோல் சோதனையில் கோவாக்ஸ் கரைசலுக்குச் செவ்வளையம், சிட்ரேட்டில் வளர்ச்சியின்மை என்று மூன்றையும் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போனேன். இங்கே என் சோம்பல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலப்பில்லாத கிருமி கிடைக்க, ஒரு காலனியை எடுத்துப் புதிய தட்டில் தீற்றி, அதிலிருந்து ஒன்றை எடுத்து மீண்டும் தீற்றி என்று மூன்று முறையாவது செய்ய வேண்டியதை, முதல் ஐந்துக்குச் செய்துவிட்டு, ஆறாவதற்கு ஒரே முறையோடு நிறுத்திக்கொண்டேன். அதன் விலை பின்னால் தெரிந்தது.

டி.என்.ஏ. எடுக்க வணிகப் பெட்டி எதுவும் வாங்கவில்லை. 200 மைக்ரோலிட்டர் கிருமிநீக்கிய நீரில் காலனியைக் கலக்கி, 95 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, மையவிலக்கியில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுத்துக்கொள்வதே போதும். நிறைய எடுத்தால் நிறைய டி.என்.ஏ. என்ற கணக்கில் வளையம் நிறைய வழித்துப் போட்டதால் முதல் முறை நீர் மோர் போல் ஆகி, ஏழு மரபணுக்களில் ஒன்றுகூடப் பி.சி.ஆரில் (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் படியெடுக்கும் வினையில்) பெருகவில்லை. இரண்டு நாள் பிரைமரை, அதாவது பெருக்க வேண்டிய துண்டின் முனைகளில் ஒட்டும் சிறு டி.என்.ஏ. இழையைச் சந்தேகித்தேன். பிறகு அதே நீரைப் பத்து மடங்கு நீர்க்க வைத்துப் போட்டதும் ஐந்து மரபணுக்கள் எழுந்துவிட்டன. இப்போது ஊசிமுனை அளவு காலனிதான் எடுக்கிறேன். நீர் இலேசாகக் கலங்கினால் போதும்.

பதினான்கு பிரைமர்களும் உலர்ந்த நிலையில் வந்தன. குழாயின் மேல் எழுதியிருக்கும் நானோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கி, அத்தனை மைக்ரோலிட்டர் நீர் விட்டால் 100 மைக்ரோமோலார் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 10 மைக்ரோமோலார் வேலைக்கரைசலைத் தனியே பிரித்துக்கொள்ளலாம். குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் மையவிலக்கியில் சுழற்ற வேண்டும் என்பதை மறந்து, பியூர்-ஏ பிரைமர் ஒன்றைத் திறந்தபோது, மூடியில் ஒட்டியிருந்த செதில் பறந்து மேசையில் எங்கோ விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செதிலுக்காக மறுபடியும் ஒன்பது நாள் காத்திருந்தேன்.

பி.சி.ஆர். கலவை 25 மைக்ரோலிட்டர்: மாஸ்டர் மிக்ஸ் (நொதியும் பிறவும் கலந்த ஆயத்தக் கலவை) 12.5, இரு பிரைமர்களும் ஒவ்வொன்று, டி.என்.ஏ. நீர் 2, மீதி 8.5 தூய நீர். திட்டம் வகுத்தவர்கள் தந்த வெப்ப ஏற்பாட்டின்படி, 95 டிகிரியில் இரண்டு நிமிடம். பிறகு 95இல் ஒரு நிமிடம், பிரைமர் ஒட்டும் வெப்பத்தில் ஒரு நிமிடம், 72இல் இரண்டு நிமிடம் என்று முப்பது சுற்று. கடைசியில் 72இல் ஐந்து நிமிடம். சூடேறும் நேரமும் குளிரும் நேரமும் சேர்ந்து, எங்கள் பழைய இயந்திரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 2023 குளிர்காலத்தில் லோட் ஷெடிங் ஆறாம் நிலையைத் தொட்டிருந்தது. நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மின்சாரம் போகும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எங்கள் இயந்திரத்தில் இல்லை. ஆய்வகத்திலிருந்த யூ.பி.எஸ். கணினிக்காக வாங்கியது, வெப்பச் சுழற்சி இயந்திரத்தை அதில் மாட்டியபோது பதினெட்டு நிமிடம் தாங்கிவிட்டுக் கூவத் தொடங்கியது. ஜூன் மாதத்தில் மட்டும் நான்கு ஓட்டங்கள் பாதியில் செத்தன, நான்கிலும் மாஸ்டர் மிக்ஸ் வீண்.

பெரிய மின்கலம் வாங்கப் பணம் இல்லாததால் நேரத்தைக் குறைக்கும் வழியைத் தேடினேன். பெருக்கும் துண்டுகளில் மிக நீளமானதே 932 எழுத்துகள்தான்; டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் சாதாரண டாக் நொதி நிமிடத்துக்குச் சுமார் ஆயிரம் எழுத்து படிக்கும் என்பதால் 72இல் இரண்டு நிமிடம் தேவையில்லை. அதை ஒரு நிமிடமாக்கி, மற்ற இரண்டு படிகளையும் அரை நிமிடமாக்கினேன். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடத்தில் ஓட்டம் முடிந்தது, பெருகிய துண்டுகள் ஜெல்லில் காட்டும் பட்டைகளின் அடர்த்தியிலும் குறையில்லை. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் வந்த பத்தாம் நிமிடத்தில் ஓட்டத்தைத் தொடங்குவது வழக்கமாயிற்று. வந்த உடனே தொடங்காமல் பத்து நிமிடம் விடுவதற்குக் காரணம், திரும்பி வரும் மின்சாரம் முதலில் இரண்டு மூன்று முறை எகிறுவதுதான். ஒரு ஃபியூஸ் அப்படிப் போயிற்று.

பிரைமர் ஒட்டும் வெப்பம் ஏழுக்கும் ஒன்றல்ல. ஏடிகே, ஃபம்-சி, ஐசிடி, பியூர்-ஏ நான்குக்கும் 54 டிகிரி, ரெக்-ஏவுக்கு 58, ஜைர்-பிக்கும் எம்டிஹெச்சுக்கும் 60. மூன்று தனி ஓட்டங்கள் தேவை. மின்சாரத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் 58இல் ஒரே ஓட்டமாகப் போட்டுப் பார்த்ததில், பியூர்-ஏ அறவே வரவில்லை, ஐசிடி மங்கலாக வந்தது, ஜைர்-பியில் வேண்டாத இரண்டாம் பட்டை ஒன்று தோன்றியது. மூன்று ஓட்டம் என்றால் மூன்று ஓட்டம்தான்.

துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் 1.5 விழுக்காடு அகரோஸ் ஜெல்லில் 100 வோல்ட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டினால், 583 எழுத்துள்ள ஏடிகே எல்லாவற்றுக்கும் கீழே தனியாக நிற்கும். 780 (ரெக்-ஏ), 806 (ஃபம்-சி), 816 (பியூர்-ஏ) நெருக்கமாக நிற்கும். 911 எழுத்துள்ள ஜைர்-பியையும் 932 எழுத்துள்ள எம்டிஹெச்சையும் இந்த ஜெல்லில் வேறுபடுத்தவே முடியாது. அவை இரண்டும் ஒரே வெப்பத்தில் ஒரே ஓட்டத்தில் போவதால், குழாய் மாறினால் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை. மூன்றாம் கிருமிக்கு அப்படித்தான் மாறியது. வரிசை வந்து தரவுத்தளத்தில் இட்டபோது, ‘ஜைர்-பி’ என்ற வரிசை எதனோடும் பொருந்தவில்லை, ‘எம்டிஹெச்’சும் பொருந்தவில்லை. ஒரு நாள் முழுதும் விழித்துவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் இரண்டும் அச்சாகப் பொருந்தின. அன்று முதல் ஜைர்-பி குழாய்களின் மூடிக்குச் சிவப்பு, எம்டிஹெச்சுக்கு நீலம் என்று வைத்திருக்கிறேன். பேனா எழுத்து சாராயம் பட்டால் அழியும், மூடியின் நிறம் அழியாது.

டி.என்.ஏ. சேர்க்காத, அதனால் எந்தப் பட்டையும் வரக் கூடாத நெகட்டிவ் கன்ட்ரோல் குழாயில் ஜூலையில் ஒரு நாள் மங்கலான பட்டை தெரிந்தது. அந்த ஓட்டத்தில் இருந்தவை முதல் கிருமியிலும் ஐந்தாம் கிருமியிலும் எடுத்த ஜைர்-பி. மற்ற பட்டைகள் எல்லாம் தெளிவாக இருந்ததால், மங்கல்தானே என்று கடந்துவிட்டேன். நீர்ப்புட்டியை மட்டும் மாற்றினேன். அந்த ஓட்டத்துப் பொருள்களை எறியவில்லை. இந்த முழு வேலையிலும் மிக அதிகச் செலவு வைத்த முடிவு அதுதான்.

பெருக்கிய துண்டுகளை நொதிகளால் சுத்தம் செய்து, இரு திசைக்கும் தனித்தனியாக வரிசை படிக்கப் பிரிட்டோரியாவுக்குக் கூரியரில் அனுப்பினேன். ஆறு கிருமி, ஏழு மரபணு, இரண்டு திசை, 84 வாசிப்புகள். ஒரு வாரத்தில் குரோமட்டோகிராம் கோப்புகள், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முகடாகக் காட்டும் வரைபடங்கள், மின்னஞ்சலில் வந்தன. திறந்து பார்த்தபோது முதல் நாற்பது எழுத்துகளும் கடைசிப் பகுதியும் குழம்பி இருந்தன. அது எல்லாருக்கும் அப்படித்தான் வரும். எதிர்த்திசை வாசிப்பைத் திருப்பி, ஒவ்வோர் எழுத்தையும் அதன் இணை எழுத்தாக மாற்றி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஏடிகேக்கு 536, ஃபம்-சிக்கு 469, ஜைர்-பிக்கு 460, ஐசிடிக்கு 518, எம்டிஹெச்சுக்கு 452, பியூர்-ஏவுக்கு 478, ரெக்-ஏவுக்கு 510 என்று மிகச் சரியான நீளத்துக்கு வெட்ட வேண்டும். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் முழுப் பொருத்தம் கிடைக்காது. கையால் வெட்டிப் பழகியதற்கு இரண்டு வார இறுதிகள் போயின. தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ள ஓர் அல்லீலை இறக்கி, அதன் இரு முனைகளோடும் ஒட்டி வைத்து வெட்டினால் பத்து நிமிடத்தில் முடியும் என்பது அதற்குப் பிறகு தோன்றிய அறிவு.

நான்காம் கிருமியின் ரெக்-ஏ எதனோடும் பொருந்தாமல் ஓர் எழுத்தில் வேறுபட்டு நின்றபோது, புதிய அல்லீல் கண்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லி, பாயசமும் சாப்பிட்டாயிற்று. மறுநாள் எதிர்த்திசை வாசிப்பை விரித்துப் பார்த்தேன். முன்திசையில் இரண்டு ‘ஜி’ முகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, அடுத்த எழுத்தை மென்பொருள் தவறாகப் படித்திருந்தது; எதிர்த்திசையில் அதே இடம் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. பழைய அல்லீல் 2தான். ஒரு திசை வாசிப்பை மட்டும் வாங்கினால் செலவு பாதியாகும் என்று யாராவது யோசனை சொன்னால், நான் இந்த ரெக்-ஏவை நினைத்துக்கொள்கிறேன்.

ஆறாவதில் ஏழு மரபணுக்களில் ஐந்திலும், ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் சம உயரத்தில் நின்றன. இரண்டு ஈ.கோலைகள் கலந்திருந்தன. தட்டுக்குத் திரும்பி மீண்டும் தீற்றியபோது அளவில் சற்று வேறுபட்ட இரு காலனிகள் பிரிந்தன. இரண்டையும் முதலிலிருந்து செய்யப் பணம் இல்லை. சோம்பலுக்கு விலை பதினான்கு வாசிப்புகள்.

இனி எண்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் கிருமிகள் மூன்றுக்கும் மேலே சொன்ன மரபணு வரிசைப்படி 20, 45, 41, 43, 5, 32, 2 என்று வந்தன, அது எஸ்.டி.117. உலகெங்கும் கறிக்கோழிகளைத் தாக்கும் ஈ.கோலைகளில் அடிக்கடி காணப்படும் வகைகளுள் ஒன்று அது. முதல் கிருமி, அதாவது ஓரிரவு கிடந்த கோழியின் கல்லீரலில் துடைத்தது, 10, 11, 4, 8, 8, 8, 2 என்று எஸ்.டி.10 ஆயிற்று. மனிதர், விலங்கு, குடல், சாக்கடை எங்கும் திரிவது அது. போதாததற்கு, உலகத்து ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் கே-12 திரிபும் எஸ்.டி.10தான், எங்கள் மாணவர் பாடத்துக்கு அது எப்போதும் தட்டில் இருக்கும். கோழியிலிருந்து வந்ததா, பக்கத்து மேசையிலிருந்து வந்ததா என்பதை ஏழு மரபணுக்களும் சொல்லவில்லை. டெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றிய வில்லை ஒன்றைத் தட்டில் வைத்தேன். எங்கள் கே-12ஐச் சுற்றி அகலமான வெற்று வளையம் விழுந்தது, முதல் கிருமி வில்லையின் விளிம்பு வரை வளர்ந்து நின்றது, ஆகவே அது எங்கள் கே-12 அன்று. சில ரூபாய் பெறாத ஒரு காகித வில்லை தீர்த்துவைத்த வழக்கு அது.

ஐந்தாவதில் ஜைர்-பி தவிர்த்த ஆறும் 6, 4, 16, 24, 8, 14 என்று வந்தன. இந்தக் கோவையில் ஜைர்-பி 4 ஆனால் எஸ்.டி.58, 14 ஆனால் எஸ்.டி.155. வந்தது 4. எஸ்.டி.58 என்று குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான், முதல் கிருமியான எஸ்.டி.10க்கும் ஜைர்-பி எண் 4 என்பது உறுத்தியது. இரண்டும் ஜூலையில் ஒரே ஓட்டத்தில், அடுத்தடுத்த குழாய்களில் போனவை; அந்த ஓட்டத்தில்தான் நெகட்டிவ் கன்ட்ரோலில் மங்கல் பட்டை. குரோமட்டோகிராமை மீண்டும் விரித்துப் பார்த்தபோது, முகடுகளின் அடியில் சிறுசிறு இரண்டாம் முகடுகள் தெரிந்தன. முதலில் அவற்றை இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தேன். காலனியிலிருந்து புதிதாக டி.என்.ஏ. எடுத்து, புதிய நீர், புதிய பிரைமர்க் கரைசல் வைத்து, அந்தக் கிருமியை மட்டும் தனி நாளில் ஓட்டி அனுப்பினேன். அக்டோபரில் வந்த விடை 14. ஆகவே எஸ்.டி.155. மற்ற ஆறும் சரியாக இருக்க ஒரே ஒரு துண்டில் பக்கத்துக் கிருமி புகுந்தால், தரவுத்தளம் பிழை என்று சொல்லாது. உண்மையாகவே உள்ள வேறோர் எண்ணை மரியாதையாக எடுத்துக் கொடுத்துவிடும்.

பெரியவரிடம் சொல்லப் போனபோது, இரண்டு பேட்சிலும் எஸ்.டி.117 இருந்தது என்றதுமே “அப்ப பழைய பேய்தான்” என்று முடிவுகட்டிவிட்டார். அவரைத் தடுப்பது கடினமாக இருந்தது. ஏழு துண்டுகளையும் கூட்டினால் 3,423 எழுத்துகள், ஈ.கோலையின் முழு மரபுத்தொகுதி சுமார் ஐம்பது லட்சம் எழுத்துகள். ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாத பகுதியைப் பார்த்துவிட்டு, எண் வேறாக இருந்தால் கிருமி வேறு என்று துணிந்து சொல்லலாம். எண் ஒன்றாக இருந்தால் கிருமி ஒன்று என்று சொல்ல முடியாது. அதிலும் எஸ்.டி.117 பரவலாக உள்ள வகை. வடஐரோப்பிய நாடுகளில் எஸ்.டி.117 பரவியபோது, பல நாட்டுப் பண்ணைகளில் கிடைத்தவற்றை முழு மரபுத்தொகுதி படித்து ஒப்பிட்டு, இனப்பெருக்கக் கோழிகள் வழியாகக் குஞ்சுகளோடு அது வந்திருக்கும் என்று கண்டார்கள். அவருடைய கொட்டகையிலும் இரண்டு பேட்சுக் குஞ்சுகளும் ஒரே பொரிப்பகத்திலிருந்து வந்தவை. குழாயில் தங்கியிருந்து வந்ததா, குஞ்சோடு வந்ததா என்பதை என் எண்கள் பிரித்துச் சொல்லவில்லை என்றேன். “அவ்வளவு பணம் செலவழிச்சு இதைத்தானா தம்பி சொல்ற?” என்றார். ஐந்தாம் கிருமி 155 என்பதால் மே மாதச் சாவுக்கு ஒரே கிருமி மட்டும் காரணமில்லை என்பதாவது உறுதி என்று சொல்லிப் பார்த்தேன். அதில் அவருக்கு ஆர்வமில்லை.

அதற்குள் அவர் காத்திருக்கவும் இல்லை. ஆகஸ்டு முதல் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் வெளியார் எவரையும் பண்ணைக்குள் விடாத நேரத்தில், கோழிகளுக்குத் தண்ணீர் தரும் நிப்பிள் குழாய்களைக் கழற்றிப் புதிது போட்டார். அதே மாதம் குஞ்சு வாங்கும் இடத்தையும் மாற்றினார். மே பேட்சில் 83 கோழிகள் செத்திருந்தன. செப்டம்பர் பேட்சில் 41. எந்த மாற்றத்தால் குறைந்தது என்று இனி யாராலும் சொல்ல இயலாது. கழற்றிய குழாயில் ஒரு முழத் துண்டை இரு முனையும் பிளாஸ்டிக் சுற்றி வாசலில் கொண்டுவந்து தந்தார். உள்ளே படிந்திருந்த வழவழப்பை வளர்த்ததில் ஈ.கோலை காலனிகள் வந்தன. இரண்டை எடுத்து ஃபம்-சி மட்டும் படித்தேன். ஒன்று 11, ஒன்று 4; எஸ்.டி.117க்கு உரிய 45 இல்லை. இரண்டே காலனியை வைத்துக் குழாயைக் குற்றமற்றது என்று விடுவிக்க நான் தயாரில்லை.

செலவு ராண்டில்: பிரைமர் 1,850, மாஸ்டர் மிக்ஸ் 2,100, அகாரும் சோதனைக் கரைசல்களும் 600, முதல் 84 வாசிப்புகள் வாசிப்பு 92 வீதம் 7,728, திரும்பச் செய்த பதினைந்து 1,380, குழாய்க் கிருமிகளுக்கு நான்கு 368, கூரியர் மூன்று முறை 840. மொத்தம் 14,866. வேலை முடிந்த பிறகுதான் ஒரு வரிசை படிக்கும் நிலையத்தில் முழு மரபுத்தொகுதிக்கு விலை கேட்டேன். கிருமிக்கு 2,200, ஆறுக்கு 13,200 என்றார்கள். பல மாதிரிகளைச் சேர்த்துப் படிக்கும் அவர்களுடைய ஓட்டத்தில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. அதிலிருந்து ஏழு மரபணு எண்ணும் கிடைத்திருக்கும், மூன்று 117களும் ஒன்றுக்கொன்று எத்தனை எழுத்து தூரம் என்பதும் கிடைத்திருக்கும். முதலில் விலை கேட்காமல் பத்தாண்டுக்கு முந்தைய பழக்கத்தில் ஏழு மரபணுவைத் தொடங்கியதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

அடுத்த முறை வேறு வழியில் போகப்போகிறேன். முதல் சல்லடையாக ஃபம்-சியையும் ஃபிம்-ஹெச்சையும் மட்டும் படிப்பேன். 2012இல் வந்த இந்த இரு மரபணு முறையில் எஸ்.டி.117 பெரும்பாலும் 45, 97 என்ற இணையாக விழும். ஆறு கிருமிக்கு 24 வாசிப்பு, 2,208 ராண்டோடு போகும். அதில் ஒத்துப்போகிறவற்றை மட்டும் முழு மரபுத்தொகுதிக்கு அனுப்பலாம். ஒரு நோயுற்ற கோழியிலிருந்து ஒரு காலனியோடு நிற்காமல் மூன்று எடுப்பேன். குஞ்சு வந்திறங்கும் நாளிலேயே பெட்டியின் அடித்தாளையும் துடைத்து வைப்பேன். நெகட்டிவ் கன்ட்ரோலில் நிழல் தெரிந்தாலும் அந்த ஓட்டம் குப்பைக்குப் போகும்.

கிளிசரால் கலந்து உறைகுளிரில் வைத்த கிருமிகள் ஜூலை மின்வெட்டுகளில் பலமுறை உருகி உறைந்து, இரண்டு குழாய்கள் திரும்ப வளரவில்லை. நல்ல வேளையாக, பழைய கால முறைப்படி சிறு புட்டிகளில் அகாருக்குள் குத்தி, மூடியைப் பாரஃபின் மெழுகால் அடைத்து, ஆறையும் இருட்டான மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். சென்ற வாரம் திறந்து தீற்றியதில் ஆறும் வளர்ந்தன, ஆறாவது மட்டும் வழக்கம்போல் இரண்டாக. மூன்று 117களையும் முழு மரபுத்தொகுதிக்கு அனுப்புவதற்கான 6,600 ராண்டில் பாதியைத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அந்த நிலையத்தின் டிசம்பர் ஓட்டத்தில் இடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.